‘இரு’ என்ற வினைச்சொல்லும் ஒரு மரண விசாரணையும்

சற்று நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஆனால் முழுவதும் படியுங்கள்.

கொல்கத்தாவில் ஆய்வு மாணவராக இருப்பதில் ஓர் எழுதப்படாத கடமை உண்டு. வங்காளமும் தமிழும் தெரிந்தவர் என்று நான்கு பேருக்குத் தெரிந்துவிட்டால், மருத்துவமனைக்கும் வங்கிக்கும் மொழிபெயர்க்க அழைப்பார்கள். கடந்த குளிர்காலத்தில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. இந்த முறை காவல் நிலையத்துக்கு. கொங்கு நாட்டிலிருந்து ஒரு தாயும் தந்தையும் முந்தைய இரவு விமானத்தில் வந்திருந்தார்கள். இங்கே மணமாகி வந்த அவர்கள் மகள் கணவர் வீட்டில் இறந்துவிட்டாள். தூக்கு என்று சொன்னார்கள். அடையாளம் தரும் எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எந்த நிலையம் என்பதையும் எழுதப்போவதில்லை. கேள்வி ஒரு நிலையத்தைப் பற்றியது அன்று.

அதிகாரி கேட்ட முதல் கேள்வி: திருமணமாகி எத்தனை ஆண்டுகள்? ஒன்பது என்றேன். அவர் தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்தேன். அதன் பொருள் எனக்கு அன்று தெரியவில்லை. பின்னர்தான் சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு அந்தத் தாய் பேசினார். இறப்பதற்கு ஐந்து நாள் முன்னர் மகள் தொலைபேசியில் சொன்னதை அப்படியே சொன்னார்: “இனி என்னால இங்கெ இருக்க முடியாதுங்மா.” நான் வங்காளத்தில் சொன்னேன். அதிகாரி எழுதினார். அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘இங்கே’ என்ற சொல் இல்லை. இல்லாத ஒரு சொல் கூடியிருந்தது. வங்காளத்தில் ‘தாகா’ என்றால் தங்குதல், இருத்தல். அதற்கு முன்னால் ‘பேஞ்சே’ என்று சேர்த்தால் உயிரோடிருத்தல். அந்த வாக்கியம் இப்போது, “இனி என்னால் உயிரோடிருக்க முடியாது” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு வீட்டை விட்டு வெளியேற விரும்பிய பெண், ஒரு மேசையின் குறுக்கே, உலகை விட்டு வெளியேற விரும்பிய பெண்ணாக மாறிவிட்டாள்.

நான் திருத்தச் சொன்னேன். “இரண்டும் ஒன்றுதானே” என்றார் அதிகாரி. கடுமையாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தமிழிலும் ‘இரு’ என்ற வினை உட்காரும், தங்கும், வாழும், உயிரோடிருக்கும். அது எதைச் சுட்டுகிறது என்பதை உடன் நிற்கும் சொல்தான் முடிவு செய்கிறது. ‘இங்கெ’ இருந்தால் அது வீட்டைப் பற்றிய முறையீடு. ‘இங்கெ’ போய்விட்டால் அது தற்கொலைக் குறிப்பு. மொழியியல் முதலாண்டு மாணவருக்குத் தெரிந்த இந்தச் செய்தி ஒரு மரண விசாரணையில் எவருக்கும் தேவைப்படவில்லை.

சாட்சி காவல்துறையிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். மிரட்டிக் கையெழுத்து வாங்கி அதைச் சாட்சியின் மேல் சுமத்திவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த விதி. விளைவு என்னவென்றால், தன் பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அந்தத் தாய் அறியவே வழியில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: “கண்ணு, நா சொன்னத அப்படியே சொன்னீங்களா?” நான் அப்படியே சொன்னேன். அது அப்படியே எழுதப்படவில்லை.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தற்கொலையாகவே இருந்திருக்கலாம். கொலை என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தற்கொலை என்று சொல்ல அவர்களிடமும் அன்று எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் சொல்லிவிட்டார்கள். என் குற்றச்சாட்டு அவ்வளவுதான்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஒருவர் வீட்டில் இறந்து கிடக்கிறார் என்ற செய்தி நிலையத்துக்கு வந்தால் இரண்டு கதவுகள் திறக்கக்கூடும். ஒன்று, குற்றம் நடந்திருக்கிறது என்ற தகவலாக ஏற்று முதல் தகவல் அறிக்கை பதிவது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. மற்றொன்று, அதே சட்டத்தின் 194ஆம் பிரிவு, பழைய 174: இயற்கைக்கு மாறான மரணம். கொல்கத்தா நிலையங்களில் இதைச் சுருக்கமாக ‘யு.டி. கேஸ்’ என்பார்கள். இந்த இரண்டாவது கதவின் வேலை மிகச் சிறியது: மரணத்தின் வெளித்தோற்றக் காரணம் என்ன என்று பார்ப்பது. யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பது அதன் வேலை இல்லை. இதை உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது.

புதிய சட்டத்தில் ஒரு நல்ல விதி சேர்ந்திருக்கிறது. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால், தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வந்தாக வேண்டும். தடயம் சேகரிப்பதைக் காணொளியாகப் பதிய வேண்டும். மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதை முழுமையாக நடைமுறைப்படுத்தியாக வேண்டும். ஆனால் விதியைக் கூர்ந்து படியுங்கள். அது ‘குற்றம்’ என்ற சொல்லோடு கட்டப்பட்டிருக்கிறது. ‘இயற்கைக்கு மாறான மரணம்’ என்று பதிந்துவிட்டால் அங்கே இன்னும் குற்றம் எதுவும் இல்லை. ஆகவே வல்லுநர் வந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கொலையா என்று கண்டறிய உதவும் கருவிகள், கொலை என்று முன்பே எழுதியவர்களுக்கு மட்டுமே கட்டாயமாகக் கிடைக்கும். பதிவேட்டின் முதல் சொல்லே விசாரணையின் எல்லையைத் தீர்மானித்துவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த ஏழாண்டுக் கணக்குக்கு வருகிறேன். மணமாகி ஏழாண்டுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால் நிர்வாக நடுவர் விசாரிக்க வேண்டும். நம் ஊரில் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று நாளிதழில் படிக்கிறோமே, அது. வரதட்சணை மரணம் என்ற பிரிவும் இதே ஏழாண்டுக்குள்தான் இயங்கும். வரதட்சணைக் கொலைகளை எதிர்த்துப் பெண்கள் 1980களில் தெருவில் இறங்கிப் பெற்ற பாதுகாப்பு இது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் காலப்போக்கில் ஓர் உச்ச வரம்பைப் போல அது வாசிக்கப்படுகிறது. ஏழாண்டுக்குள் இறந்தால் வரதட்சணை மரணம்; ஏழாண்டு தாண்டினால் ‘குடும்பப் பிரச்சினை’. இரண்டுக்கும் நடுவே கொலை என்ற எளிய சொல் காணாமல் போகிறது. விஜய் பால் சிங் எதிர் உத்தராகண்ட் அரசு வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்தது: கொலைக்குச் சான்று இருக்கும்போது, ஏழாண்டு என்ற ஒரே காரணத்தால் வரதட்சணை மரணமாக மட்டும் பதியும் வழக்கம் தவறு; ஒரு பிரிவு மற்றொன்றுக்கு மாற்று ஆகாது. அதிகாரியின் தோள்கள் ஏன் தளர்ந்தன என்பது இப்போது உங்களுக்கும் புரியும். ‘ஒன்பது’ என்ற என் விடை அவருக்கு ஒரு விசாரணையை மிச்சப்படுத்தியது.

இந்தப் பதிவேடு நாடறிந்தது 2024 ஆகஸ்டில். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட வழக்கில், உடற்கூராய்வு முடிந்த பின்னரா ‘இயற்கைக்கு மாறான மரணம்’ என்று பதிந்தீர்கள் என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மாநில அரசின் வழக்கறிஞரைக் கேட்டார்கள். எந்த நேரத்தில் என்ன பதியப்பட்டது என்பதிலேயே வாதம் நடந்தது. அது வீட்டுக்குள் நடந்த கொலை அன்று. ஆனால் ஊரே தெருவில் நின்ற ஒரு வழக்கில் முதல் பதிவைப் பற்றி இத்தனை கேள்விகள் எழுந்தன என்றால், யாரும் நிற்காத நான்காம் மாடிக் குடியிருப்பில் என்ன நடக்கும்?

வீட்டுக்குள் நிகழும் கொலைக்கும் மற்றக் கொலைகளுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தெருவில் ஒருவர் கொல்லப்பட்டால் சந்தேகத்துக்குரியவர் ஓடிவிடுகிறார், காவலர் வருகிறார். வீட்டில் கொல்லப்பட்டால் சந்தேகத்துக்குரியவர் கதவைத் திறந்து காவலரை வரவேற்கிறார். உடலைக் கண்டவர் அவர். கயிற்றை அறுத்து இறக்கியவர் அவர். செய்தி சொன்னவர் அவர். உடலை அடையாளம் காட்டுபவரும் அவர். உடற்கூராய்வுக்குப் பின் உடலைப் பெற்றுக்கொள்பவரும் அவர். அன்று மாலையே கேவ்ராதலாவிலோ நிம்தலாவிலோ எரிப்பவரும் அவர். எரித்த பின் இரண்டாம் உடற்கூராய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் குற்றமற்றவராக இருந்தால் இவை ஒரு துயருற்ற மனிதர் செய்யும் கடமைகள். குற்றவாளியாக இருந்தால் இவை சான்றழிப்பு. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்தறிவதே காவல்துறையின் தொழில்.

பிரித்தறிய வழி இல்லாமல் இல்லை. தூக்கில் தொங்கியவர் கழுத்தில் தடம் பெரும்பாலும் மேல்நோக்கிச் சாய்ந்து, முடிச்சுப் பக்கம் விட்டுப்போயிருக்கும். பின்னாலிருந்து கயிறு போட்டு இறுக்கிய கழுத்தில் அது பெரும்பாலும் கிடையாகச் சுற்றி வரும். இறந்த பின் இரத்தம் தாழ்ந்த பகுதிகளில் தேங்கும். தொங்கிய உடலில் அது கால்களிலும் கைகளிலும் தேங்க வேண்டும். முதுகில் தேங்கியிருந்தால் உடல் பல மணி நேரம் படுத்துக் கிடந்திருக்கிறது என்று பொருள். தீயில் இறந்தவரின் மூச்சுக்குழலில் கரி இருந்தால் தீப்பிடித்தபோது அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். இல்லையென்றால் கேள்வி எழுகிறது. முடிச்சை அவிழ்க்காமல், முடிச்சுக்குத் தொலைவில் கயிற்றை வெட்ட வேண்டும் என்பது மருத்துவ மாணவரின் பாடம். எந்தத் தனி அடையாளமும் தீர்ப்பு ஆகாது; எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் சேர்த்துப் பார்ப்பதற்கு முதல் சில மணி நேரத்தில் அவற்றைக் குறித்துவைத்திருக்க வேண்டும். கயிறு எங்கே, நாற்காலி எங்கே, கொக்கியின் உயரம் எவ்வளவு, கதவு உள்ளே பூட்டியிருந்ததா, பூட்டியிருந்தது என்று சொன்னது யார்? அந்தத் தாய் தந்தையோடு நான் அந்த வீட்டுக்கும் சென்றேன். மூன்றாம் நாள். அறை கழுவிவிடப்பட்டிருந்தது. கயிற்றைப் பற்றிக் கேட்டோம். புடவை என்றார்கள். புடவை எங்கே என்று கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இதில் கசப்பான முரண் ஒன்று உண்டு. துப்பறிதலுக்குப் பெயர்போன நகரம் இது. 1868 ஏப்ரலில் ஆம்ஹர்ஸ்ட் தெருவில் ரோஸ் பிரவுன் என்ற பெண் கொலையுண்டு கிடந்தார். அந்த வழக்கின் அதிர்ச்சியில்தான் அதே ஆண்டு நவம்பரில் ஆணையர் ஸ்டூவர்ட் ஹாக் கல்கத்தா காவல்துறையின் துப்பறியும் துறையைத் தொடங்கினார். 1897இல் உலகின் முதல் கைரேகைப் பிரிவு இங்கேதான் அமைந்தது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் உலகம் அறிந்த கைரேகை வகைப்பாட்டுக்கு உழைத்த அஸிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் இங்கேதான் பணிபுரிந்தார்கள். லால்பஜாரின் பெருமை இது, நியாயமான பெருமை. ஆனால் கைரேகை எதைக் கண்டுபிடிக்கும்? இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் விரலை. வீட்டுக் கொலையில் எல்லா விரல்களும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கின்றன. கணவன் கைரேகை படுக்கையறைக் கதவில் இருப்பது எதையும் நிறுவாது. அந்நியனைப் பிடிக்கும் கலையில் தேர்ந்த ஒரு துறை, வீட்டுக்காரரைக் கண்டதும் கைகட்டி நின்றுவிடுகிறது. இங்கே வேண்டிய சான்று வேறு: உடல் சொல்வது, நேரம் சொல்வது, இறந்தவர் முன்னர் யாரிடம் என்ன சொன்னார் என்பது.

கடைசியாகச் சொன்னது சட்டப்படி மிக வலிமையானது. இறந்தவர் தம் மரணத்துக்கு இட்டுச்சென்ற சூழ்நிலையைப் பற்றிச் சொன்ன சொல், அவர் சாவை எதிர்பார்த்துச் சொல்லாவிட்டாலும், ஏற்கத்தக்க சான்று. 1939இல் பகலா நாராயண சுவாமி வழக்கில் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது இது. இன்றும் சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் “இனி என்னால இங்கெ இருக்க முடியாதுங்மா” என்பது ஒரு தாயின் புலம்பல் இல்லை. இறந்த பெண்ணின் சாட்சியம். அதில் ஒரு சொல்லை நீக்கி ஒரு சொல்லைச் சேர்ப்பது, அலமாரியிலிருந்த சான்றுப்பொருளை மாற்றிவைப்பதற்கு நிகர்.

விசாரணை திசைமாறும் இன்னொரு வழி இங்கே நூற்றைம்பது ஆண்டுப் பழையது. 1873 மே 27 அன்று தாரகேஸ்வருக்கு அருகே நபின்சந்திர என்பவர் தம் பதினாறு வயது மனைவி எலோகேஷியை மீன் நறுக்கும் அரிவாள்மணையால் கழுத்தறுத்துக் கொன்றார். தாமே போய்ச் சரணடைந்தார். தாரகேஸ்வர் கோயில் மஹந்தோடு அவளுக்குத் தொடர்பு என்பது காரணம். துப்பறிய ஒன்றுமில்லாத வழக்கு. ஆனால் வங்காளம் முழுவதும் விவாதித்தது அவள் மஹந்திடம் விரும்பிச் சென்றாளா, மயக்கப்பட்டாளா என்பதைத்தான். செராம்பூரில் நடுவர் குழு, பித்துநிலை என்று சொல்லி நபினை விடுவித்தது. நீதிபதி ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை. மக்கள் மனுமேல் மனுப் போட, 1875இல் விடுதலை. காளிகாட் ஓவியர்கள் அந்தக் கொலையை வரைந்து விற்றார்கள். நாடகக் கொட்டகைகள் நிறைந்தன. இன்றும் அது ‘தாரகேஸ்வர் வழக்கு’, ‘மஹந்த் வழக்கு’ என்றே பெரிதும் அழைக்கப்படுகிறது. கொலையுண்டவள் அந்தப் பெயர்களில் இல்லை.

இன்று மஹந்தின் இடத்தில் கைப்பேசி அழைப்புப் பட்டியல் இருக்கிறது. பெண் இறந்தால் முதலில் ஆராயப்படுவது அவள் யாரோடு பேசினாள் என்பது. நம் நாளிதழ்களில் ‘கள்ளக்காதல்’ என்ற ஒற்றைச் சொல் போதும். கொலைக்குக் காரணம் மட்டும் இல்லை, பாதி நியாயமும் கிடைத்துவிடும்.

சொற்கள் செய்யும் வேலைக்கு அண்மைச் சான்று: 2025 பிப்ரவரி 19. இங்கே ஈ.எம். புறவழிச் சாலையில் ஒரு கார் மோதியது. அதிலிருந்தவர்கள் சொன்ன செய்தியைக் கொண்டு காவலர் டாங்ராவில் உள்ள வீட்டுக்குச் சென்றபோது இரண்டு பெண்களும் பதினான்கு வயதுச் சிறுமியும் இறந்து கிடந்தார்கள். கடன் சுமை, குடும்பத்தோடு தற்கொலை என்றே முதலில் செய்தி பரவியது. உடற்கூராய்வு வேறு சொன்னது: மூன்றும் கொலை. பெண்கள் இருவருக்கும் கழுத்தும் மணிக்கட்டும் அறுக்கப்பட்டிருந்தன. சிறுமி நஞ்சால் இறந்திருந்தாள். யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. அதற்குள் நான் போகவில்லை. இங்கே உடற்கூராய்வு விரைந்து நடந்தது, வழக்கு கொலையாக மாறியது. அதற்காகக் காவல்துறையைப் பாராட்டலாம். என் கேள்வி அந்த முதல் நாள் சொல்லைப் பற்றியது. ‘குடும்பத் தற்கொலை’ என்ற தொடரில் எழுவாய் குடும்பம். பதினான்கு வயதுச் சிறுமி எந்தக் கூட்டத்தில் எந்தத் தீர்மானத்துக்குக் கையுயர்த்தினாள்? உயிர் பிழைத்தவர்கள் சொன்ன சொல்லை, பேச முடியாதவர்கள் மேலும் சேர்த்துப் போர்த்தும் தொடர் அது. தமிழகத்திலும் இதே தொடரை மாதம் தவறாமல் வாசிக்கிறோம்.

நாட்டின் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டுக்குத் தரும் கணக்கு: 1,70,924 தற்கொலைகள். அவற்றில் 31.7 விழுக்காட்டுக்குக் காரணம் ‘குடும்பப் பிரச்சினைகள்’. தற்கொலை செய்துகொண்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லத்தரசிகள். அதே ஆண்டு வரதட்சணை மரணம் என்று பதிவானவை 6,450. முதல் எண்ணுக்குள் இரண்டாவது வகை எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று எந்த அட்டவணையும் சொல்லாது; ஏனெனில் அட்டவணை, நிலையத்தில் எழுதிய முதல் சொல்லைத்தான் கூட்டுகிறது.

இனி எதிர்வாதங்கள். இந்தப் பதிவின் கீழே எப்படியும் வரும்; நானே சொல்லிவிடுகிறேன்.

“பொய் வழக்குகள் பெருகிவிட்டன. ஒவ்வொரு கணவனையும் கொலைகாரனாகப் பார்க்கச் சொல்கிறீர்களா?” இல்லை. கண்மூடிக் கைது செய்யாதீர்கள் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நானும் ஏற்கிறேன். நான் கேட்பது கைதை அன்று. அறையைப் பூட்டச் சொல்கிறேன். கயிற்றை எடுத்துவைக்கச் சொல்கிறேன். அளவெடுக்கச் சொல்கிறேன். மனைவி உண்மையிலேயே தற்கொலை செய்துகொண்ட ஒரு கணவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது? சான்று இல்லாத இடத்தில் அவன் வாழ்நாள் முழுவதும் சந்தேகத்தைச் சுமப்பான். ஒழுங்கான விசாரணை முதலில் காப்பது குற்றமற்றவரை.

“வீட்டுக்குள் நடந்ததை எப்படி நிறுவுவது? சாட்சியே இல்லையே.” திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் 2006இல் இதற்கும் விடை சொல்லப்பட்டுவிட்டது. நான்கு சுவருக்குள் நடந்த குற்றத்தில், உள்ளே இருந்தவர்கள் என்ன நடந்தது என்று ஏற்கத்தக்க விளக்கம் தந்தாக வேண்டும். வாயை மூடிக்கொண்டு தப்ப முடியாது. ஆனால் அந்த விளக்கம் பொய்யா என்று சோதிக்கவும் முதலில் அரசுத் தரப்பிடம் அடிப்படைச் சான்று இருக்க வேண்டும். கழுவிவிட்ட அறையை வைத்துக்கொண்டு எந்த விளக்கத்தைச் சோதிப்பது?

“காவலர்களுக்கு வேலைப்பளு.” ஒப்புக்கொள்கிறேன். அந்த அதிகாரியின் களைப்பை நான் நேரில் பார்த்தேன். ஆனால் அந்தக் களைப்பு எல்லா மரணத்துக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒரு நகைக்கடைக்காரர் கொல்லப்பட்டால் மோப்ப நாய் வருகிறது.

நான் கேட்பவை நான்கு. ஒன்று: வீட்டுக்குள் நிகழும் இயற்கைக்கு மாறான மரணம் ஒவ்வொன்றிலும், மணமாகி எத்தனை ஆண்டு என்று பாராமல், எந்தப் பதிவேட்டில் எழுதினாலும், தடயவியல் வல்லுநர் வந்தாக வேண்டும், வரும்வரை அறை பூட்டியிருக்க வேண்டும். இரண்டு: பிண விசாரணையில் அக்கம்பக்கத்து மரியாதைக்குரிய இருவர் சாட்சியாக வேண்டும் என்கிறது சட்டம். அவர்களை அந்த வீட்டார் அழைத்து வரக் கூடாது. இறந்தவரின் பிறந்த வீட்டார் உடனிருக்க வேண்டும். மூன்று: பிறந்த வீட்டார் வந்து சேரும்வரை உடல் எரிக்கப்படக் கூடாது. நான்கு: சாட்சியின் சொல் அவர் மொழியிலேயே ஒலியாகவும் காட்சியாகவும் பதியப்பட வேண்டும். சட்டத்தின் 180ஆம் பிரிவு இதற்கு ஏற்கெனவே இடம் தருகிறது. ‘பதியலாம்’ என்றிருப்பதை ‘பதிய வேண்டும்’ என்று மாற்றினால் போதும். ஒரு கைப்பேசி போதும்.

வெளியூரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எங்கே குற்றம் நடந்திருந்தாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம், ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்கள் அனுப்பியாக வேண்டும். உங்கள் மொழியில், உங்கள் சொல்லில் அது எழுதப்படும். ஒரு படியும் இலவசமாகக் கிடைக்கும். விமானம் ஏறும் முன் அதைச் செய்யுங்கள். மகள் அனுப்பிய குரல் செய்திகளை அழிக்காதீர்கள்.

இதையெல்லாம் அன்று நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அந்தத் தாயின் சொல்லை என் கைப்பேசியிலாவது பதிந்திருப்பேன். என்னிடம் இப்போது இருப்பது என் நினைவு மட்டும். அந்த நினைவில் ‘இங்கெ’ என்ற சொல் தெளிவாக இருக்கிறது. அரசின் ஆவணத்தில் அது இல்லை.

அவளுக்கு இருக்க முடியாமல் போனது அந்த வீட்டில். உலகத்தில் இருக்க முடியாது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.